பதினோராம் கல்

எங்கள் எர்லன்ரீடில் சதுப்பும் ஜிப்சமும் போக மிச்சமிருப்பது வீம்பு மட்டும்தான். மேலே காடு, கீழே ஓடை, நடுவில் தேவாலயமும் அதை ஒட்டி நாற்பது சொச்சம் வீடுகளும். மண்ணுக்கடியில் ஜிப்சம் கரைந்துகொண்டே இருப்பதால் தரை எப்போது எங்கே வாயைத் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு அறுவடையின்போது வைக்கோல் வண்டி ஒன்று களத்து மேட்டிலேயே பாதி உள்ளே இறங்கிவிட்டது. குதிரை மட்டும் மேலே நின்று திருதிருவென்று விழித்தது. ஸ்வீடன் படை வந்து ஊரைக் கொளுத்தியபோது இரண்டே வீடுகள் தப்பின. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும், தங்கள் வீடுதான் முழுசாகத் தப்பியது, மற்றதற்குக் கூரை போய்விட்டது என்று முந்நூறு வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வீம்புக்கு ஈடு கொடுக்கக் கடவுள் பக்கத்திலேயே ரோட்டன்ஸ்டெக்கைப் படைத்தார். அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் லூத்தரன்கள். எங்கள் பொலிகாளை அவர்கள் பசுவிடம் போனதிலிருந்து அவர்கள் மணியோசை எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது வரை எதற்கு வேண்டுமானாலும் சண்டை. ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவே நிற்கிற எல்லைக் கற்கள் விஷயத்தில் மட்டும் ஒருவரும் விளையாட மாட்டார்கள். அதற்கென்றே ஊருக்கு ஏழு பேர், சாகும்வரை பதவியில் இருக்கும்படி சத்தியம் செய்தவர்கள். ஏழ்வர் என்று சொல்வோம். கல்லை நடும்போது அதற்கடியில் எதையோ புதைப்பார்கள். எது, எந்த ஒழுங்கில் என்பது இரண்டு ஊர் ஏழ்வருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். கட்டின மனைவியிடம்கூட மூச்சு விட மாட்டார்கள். கல்லைத் தூக்கிப் பார்த்து, அடியில் அடையாளம் சரியாக இருந்தால் 'ஒழுங்கு' என்பார்கள். இல்லையென்றால் 'ஒழுங்கில்லை'. அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டாம் உலகப் போரின் கடைசி வசந்தத்தில் பக்கத்து நகரம் எரிந்தபோது நில வரைபடங்களெல்லாம் சாம்பலாகிவிட்டன. அதனால் எங்கள் எல்லை எது என்று கேட்டால், கல்லையும் ஏழ்வரையும்தான் கேட்க வேண்டும். இன்னும் ஒரு சாட்சி உண்டு. சில வருஷங்களுக்கு ஒருமுறை ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு கல்லிலும் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பிடித்துத் தூக்கி, பின்பக்கம் கல்லில் படும்படி மூன்று முறை 'தொம், தொம், தொம்' என்று உட்கார வைப்பார்கள். வலிக்கும். வலித்தால்தானே எந்த இடம் என்று ஆயுசுக்கும் மறக்காது!

ஓட்டிலீ டாவ்பருக்கும் மறக்கவில்லை.

ஓட்டிலீ எங்கள் ஊர்த் தபால்காரி. கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, கேட்டால், "வாசல் வாசலா எல்லார் புருஷனையும் பாத்துட்டேன், போதும்" என்பாள். போர் முடிந்த மறுவருஷம் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போஹெமியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. ஊருக்கு ஒதுக்கப்பட்ட அகதிகளை வீடு வீடாகப் பங்கிட்டார்கள். தாயும் மகளும் கஸ்பார் ரூப்பின் பண்ணை வீட்டு மாடி அறையில் போய் விழுந்தார்கள். கஸ்பாருக்கு அப்போதே ஊரில் சிடுமூஞ்சி என்று பேர். "கேட்காமலே ரெண்டு வாயைக் கொண்டாந்து தலையில கட்டிட்டாங்க" என்று தெருவெல்லாம் கேட்கும்படி புலம்பினார். விறகைத் தொட்டால் கத்துவார்; மறுநாள் காலையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டு விறகு கிடக்கும். "ஈரமா இருக்குன்னு போட்டேன், காயட்டும்னு. எரிச்சுக்கிரிச்சு வைக்காதீங்க" என்று விட்டுப் போவார். காயவைத்த விறகைத் திரும்ப எடுத்துப் போக அவர் ஒரு நாளும் வந்ததில்லை.

போருக்குப் பின் நடந்த முதல் எல்லை நடையில் ஓட்டிலீயும் ஊர்ப் பிள்ளைகளோடு கூடவே போனாள். பதினோராம் கல் வந்தது. சதுப்புக்கு மேலே, ஊற்றுக்கு இந்தப் பக்கம், ஆல்டர் மரத்தடியில் நின்ற கல். பிரென்னர் வீட்டுப் பையனை உட்கார வைத்தார்கள். செருப்புத் தைக்கிறவர் மகனை உட்கார வைத்தார்கள். அவள் ஒதுங்கியே நின்றாள். கல் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, அவள் வெளியூர்க்காரி. அப்போது கஸ்பார் திரும்பிப் பார்த்தார். "ஏ போஹெமியா, நீ மட்டும் என்ன வானத்துலேருந்து குதிச்சவளா? என் ரொட்டியைத் தின்ன வாய்தானே? வா இங்க!" அவளைத் தூக்கி, மற்றவர்களுக்குப் போட்டதைவிடப் பலமாக மூன்று போட்டார். அவள் அழுதாள். எல்லாரும் வலியென்று நினைத்தார்கள். அவளுக்கல்லவா தெரியும், அன்றுதான் அவளுக்கு ஒரு ஊர் கிடைத்தது என்று.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் பனி உருகியபோது பக்கத்திலேயே தரை வாயைத் திறந்து பதினோராம் கல்லை உருட்டி விழுங்கியது. ஏழ்வர் அதைத் தோண்டி எடுத்து மறுபடியும் நட்டார்கள் என்றது ஊர். அடுத்த வருஷம் ஊற்றங்கரைப் புல்வெளியில், ஊர்ப் பொது நிலத்திலிருந்து, ஓட்டிலீயின் தாய்க்கு வீடு கட்ட ஒரு துண்டு நிலம் கிடைத்தது. தாயும் மகளும் இடிந்த சுவர்களிலிருந்து செங்கல் பொறுக்கி, ஜிப்சம் கரைத்துப் பூசி, கையால் கட்டிய வீடு. பதினோராம் கல் இப்போது வீட்டுக்குப் பின்னால், ஊற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. துணி காயப்போடும்போதெல்லாம் ஓட்டிலீயின் கண்ணில் படும். இந்தக் கல் இங்கே இல்லையே, கீழே ஆல்டர் பக்கமல்லவா இருந்தது என்று அவள் பின்பக்கம் சொல்லும். மண் நகர்ந்திருக்கும், பெரியவர்களுக்குத் தெரியாததா என்று அவள் வாய் அடங்கிவிடும். தாய் அந்த வீட்டில்தான் இறந்தாள், சொந்தக் கட்டிலில், சொந்தக் கூரையின் கீழே.

இப்போது, எழுபத்திரண்டாம் வருஷ இலையுதிர் காலத்தில், பிரச்சினை கிளம்பியது. ரோட்டன்ஸ்டெக் தனக்கு நீரேற்று நிலையம் கட்ட இடம் தேடியது. ஊற்றும் புல்வெளியும் ஆதியிலிருந்தே தன்னுடையது, எர்லன்ரீட் நடுவில் புகுந்து தின்றுவிட்டது என்றது. எர்லன்ரீட் விடுமா? நில அளவைத் துறையிலிருந்து லாங்கர் என்ற இளைஞன் வந்தான். எல்லை நடை நடத்துங்கள், கல்லைத் திறந்து பாருங்கள், கல் எதைச் சொல்கிறதோ அதை வரைகிறேன் என்றான். கல் எதிர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று ஓட்டிலீக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை எர்லன்ரீட் கொடுத்திருந்தால் கொடுத்தது செல்லாது. நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எதற்கு? இடிப்பார்கள்.

நடை நாளன்று காலையில் அவள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கல்லுக்கு மிக அருகில் இருக்கிற வீடுதான் நடையில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது வழக்கம். மேஜைமேல் பன்றித் தொத்திறைச்சி, ஊறுகாய் வெள்ளரி, ஆப்பிள் மதுக் குடுவைகள். பின்கதவு திறந்தது. கஸ்பார் ரூப் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டு, நெஞ்சில் ஏழ்வரின் பதக்கம். எழுபதைத் தாண்டியும் ஏழ்வருக்கு அவர்தான் தலைவர்.

"காபி குடிக்கறீங்களா மாமா?"

"வேணாம்."

அவள் ஊற்றி வைத்தாள். அவர் குடித்தார்.

"ஓட்டி, இன்னைக்குக் கல்லைத் தூக்குவாங்க."

"தூக்கட்டுமே. அதுக்குத்தானே எல்லாரும் கோட்டு மாட்டிட்டுக் கிளம்பியிருக்கீங்க."

"அடியில ஒண்ணும் இருக்காது."

ரொட்டிக் கத்தி நின்றது.

"அந்தக் கல்லை நாங்க ஏழு பேரும் நடலை. நான் ஒருத்தன் நட்டேன். குழியிலேருந்து எருதை வச்சு இழுத்தேன். சாயங்காலம், யாரும் இல்ல. பழைய இடம் எனக்குத் தெரியாமலா? கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். அடையாளத்தை அங்கேயே மண்ணு போட்டு மூடிட்டு, கல்லை மட்டும் ஊத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நட்டுட்டேன். ரோட்டன்ஸ்டெக்காரனுங்க அப்ப பொலிகாளைச் சண்டையில எங்ககூடப் பேச்சுவார்த்தை இல்ல. வந்து பார்க்கவும் இல்ல. மத்த ஆறு பேரும் பழைய இடத்துலதான் நட்டேன்னு நம்பிட்டாங்க."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? அந்த வாரம்தான் உங்கம்மா ஊர்ச்சபையில வந்து நின்னா. ஒரு துண்டு இடம் குடுங்கன்னா. ஊர்ல நிலமே இல்லன்னாங்க. நானும்தான் கை தூக்கி இல்லன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. 'நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி'ன்னு சொல்லிட்டுப் போனா. அந்த நன்றி இருக்கே, அது மூணு நாளா என்னைச் சோறு திங்க விடல."

"உங்களுக்கு அவ்வளவு நிலம் இருந்துச்சே."

கஸ்பார் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "இருந்துச்சு. என் பீட்ரூட் வயல்ல ஒரு மூலையைக் குடுத்திருக்கலாம். கை வரல, புள்ள. எங்கப்பன் வயல், அவங்கப்பன் வயல். ஒரு முழம் குடுக்கறதுன்னாலும் தோலை உரிச்சுக் குடுக்கற மாதிரி. கல்லை நகத்தற பாவம் அதைவிடச் சுலபமா இருந்துச்சு. இப்பேர்ப்பட்ட முட்டாளை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லைக்கல்லை நகர்த்தியவனுக்கு என்ன கதி என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே கஸ்பார்தான், மாடியில் தங்கியிருந்த முதல் குளிர்காலத்தில், பிள்ளைகளைப் பயமுறுத்தி அடக்குவதற்காக. கல்லை நகர்த்தியவன் செத்தாலும் மண் அவனை ஏற்காது. நெருப்பாய்க் கனலும் அந்தக் கல்லைத் தோளில் சுமந்துகொண்டு வயல் வயலாக அலைவான். எதிரே வருகிறவர்களிடமெல்லாம் 'எங்கே வைக்கட்டும்?' என்று கேட்பான். பயந்து எல்லாரும் ஓடுவார்கள். கஸ்பார் அந்தக் கதையை நம்புகிறவர். சத்தியம் செய்த ஏழ்வரில் ஒருவர் வேறு.

"கேளு," என்றார் அவர். "அடையாளம் இல்லன்னா, அந்தக் கல்லுல உக்காந்த பிள்ளைங்களைக் கூப்பிடுவாங்க. பிரென்னர் மகன் கனடாவுல இருக்கான். செருப்புக்காரர் மகன் மோட்டார்சைக்கிள்ல போய்ச் சேர்ந்துட்டான். முந்தி உக்காந்தவங்க போரோட போயிட்டாங்க, உங்களுக்கப்புறம் நடையே நடக்கல; மிச்சம் நீதான். கல் இப்ப இருக்கற இடத்தையே காட்டு. அடையாளத்தை மண்ணு தின்னுருச்சுன்னு நான் சொல்லிக்கறேன். உன் பேச்சு நிக்கும், வீடும் நிக்கும்."

"அப்புறம் நீங்க?"

"நான் என்ன? செத்த பிறகு சுமந்துக்கறேன். காலு வலி இருக்காதுல்ல அப்ப." எழுந்து, கதவருகில் பூட்ஸை மாட்டக் குனிந்தவர், திரும்பாமலே சொன்னார்: "தொத்திறைச்சியைக் கொஞ்சம் மெல்லிசா நறுக்கு. பதினாலு பேரு வர்றோம்."

அவர் போன பிறகு ஓட்டிலீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமும் இந்த வீட்டை ஊர் கொடுத்தது என்று நினைத்திருந்தாள். ஊர் கொடுக்கவில்லை. பிசினாறி என்று எல்லாரும் பேசுகிற இந்த மனிதர், தன் வயலில் ஒரு பிடி மண் கொடுக்க மனசு வராதவர், தன் மோட்சத்தையே தூக்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சைக்கிளில் கடந்து போகும்போது, "பார்த்துப் போ, கோழியை ஏத்திராதே" என்று கத்துவதைத் தவிர.

மத்தியானத்துக்கு முன்னால் இரண்டு ஊரும் வந்து சேர்ந்தது. ரோட்டன்ஸ்டெக் ஏழ்வருக்குத் தலைவரும், அந்த ஊர்த் தலைவரும் ஒரே ஆள்: யோப்ஸ்ட் ஹெஃப்னர். பீப்பாய் உடம்பு, பீப்பாய் குரல்.

"என்னம்மா ஓட்டிலீ, எங்க ஊத்துத் தண்ணியில இருபது வருஷமா காபி போட்டுக் குடிக்கறியே, ஒரு நாளாவது எனக்கு ஒரு கோப்பை குடுத்திருக்கியா?"

"நீங்க ஒரு நாளாவது வந்து கேட்டீங்களா ஹெஃப்னர் ஐயா? ஞாயித்துக்கிழமை உங்க கோயிலுக்குத்தானே வர்றேன், பின் வரிசைல. கண்ணு தெரியலையா?"

சிரிப்பு எழுந்தது. லூத்தரன் ஊரில் வாழ்கிற கத்தோலிக்கப் பெண் அவள். வாரா வாரம் எதிரி ஊருக்குப் போய்ப் பிரார்த்தனை செய்துவிட்டு வருகிறவள். இதை வைத்து இரண்டு ஊரும் அவளைக் கேலி செய்தே பழகிவிட்டன.

"சரி, திரும்புங்க!" என்றார் கஸ்பார்.

இரண்டு ஊர் ஏழ்வரும் கல்லைச் சூழ்ந்தார்கள். மற்ற எல்லாரும் முதுகைக் காட்டி நின்றார்கள். கல்லைத் திறக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது. லாங்கரும் அளவைக் கருவியோடு திரும்பி நின்றான்.

"அடியில என்னங்க இருக்கும்?" என்று ஓட்டிலீயின் காதோரம் கேட்டான்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககூட எதுக்குத் தம்பி இப்படிச் சுவத்தைப் பாத்து நிக்கறேன்?"

முதுகுக்குப் பின்னால் கடப்பாரை மண்ணில் இறங்கியது. கல் புரளும் சத்தம். பிறகு விரல்கள் மண்ணைத் துழாவும் சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் எதிரே தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் பூசிய இடங்களில் உள்ளங்கைத் தடம் இன்னும் இருந்தது.

"ஒழுங்கில்லை," என்றது ஹெஃப்னரின் பீப்பாய்க் குரல். "திரும்பலாம்."

அவ்வளவுதான், இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தது. திருடர்கள் என்றது ஒன்று. மண் தின்றதற்கு நாங்களா பொறுப்பு என்றது மற்றது. லாங்கர் கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தான், அவனை யார் சட்டை செய்தார்கள்?

"மூணு கல்லுக்கு இதே மாதிரி அடையாளம் காணாமப் போயிருக்கு," என்றார் கஸ்பார், யாரையும் பார்க்காமல். "அப்பல்லாம் என்ன பண்ணினோம்?"

"உக்காந்த பிள்ளையைக் கூப்பிட்டோம்," என்றார் ஹெஃப்னர். "பிள்ளை சொன்ன இடம்தான் இடம். அதுல எனக்கு மறுப்பில்ல. பதினோராம் கல்லுல உங்க ஊர்ல யாரு உக்காந்தது?"

பெயர்கள் சொல்லப்பட்டன. கனடாக்காரன். இறந்தவன். மூன்றாவது பெயர் வந்ததும் எல்லார் தலையும் ஓட்டிலீ பக்கம் திரும்பியது.

"பேஷ்!" என்றார் ஹெஃப்னர். "வீட்டுக்காரியே சாட்சி. வேற என்ன சொல்லுவா?" ஆனால் அவரும் தொப்பியைக் கழற்றினார். சாட்சி பேசும்போது கழற்றத்தான் வேண்டும்.

ஓட்டிலீ கஸ்பாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கைதான் அன்று அவளைத் தூக்கியது. ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும், இவர் அலைவார். இன்னொரு வார்த்தை சொன்னால் வீடு போகும், இவர் கல்லறையில் நிம்மதியாகப் படுப்பார். மற்றவர்களுக்கு அது பழங்கதையாக இருக்கலாம். அவருக்கு இல்லை, அதனால் அவளுக்கும் இல்லை. இருபது வருஷம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தாயிற்று, தாய் நிம்மதியாகக் கண்மூடியாயிற்று. இதற்கு மேலும் இந்தக் கிழவரின் முதுகில் சுமை ஏற்றினால் நான் மனுஷியா என்று நினைத்தாள்.

"எல்லாரும் என்கூட வாங்க," என்றாள்.

ஊற்றைச் சுற்றி, தன் வீட்டைத் தாண்டி, துணிக்கொடிக்குக் கீழே குனிந்து, பேரிக்காய் மரத்தைக் கடந்து கீழே இறங்கினாள். பின்னால் கூட்டம் வந்தது. கஸ்பார், "ஓட்டி! ஓட்டி, அங்க இல்ல!" என்று கத்தினார். அவள் நிற்கவில்லை. ஆல்டர் மரத்தடியில் நின்று, காலடியைக் காட்டினாள்.

"இங்க. மரத்துக்கு ரெண்டு எட்டு இந்தாண்ட. மூணு தடவை உக்கார வச்சாங்க, நல்லா வலிச்சுது. தோண்டிப் பாருங்க."

மறுபடியும் எல்லாரும் திரும்பினார்கள். இந்தத் தடவை அதிக நேரம் ஆகவில்லை.

"ஒழுங்கு," என்றார் ஹெஃப்னர். பீப்பாயில் சத்தமே இல்லை.

கூட்டம் திரும்பியது. எர்லன்ரீட்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. யாரோ, "மண்ணுதான் நகர்ந்திருக்கும்," என்று ஆரம்பித்தார்கள்.

"மண்ணு நகரல," என்றார் கஸ்பார். "நான் நகர்த்தினேன். நான் ஒருத்தன்தான். மத்த ஆறு பேருக்கும் ஒண்ணும் தெரியாது." நெஞ்சிலிருந்த பதக்கத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரின் கையில் திணித்தார். பிறகு அவர் மேலே நடந்தார், புரண்டு கிடந்த கல்லை நோக்கி. அதை இரண்டு பேர் சுமக்கும் மரச்சட்டத்தில் உருட்டி ஏற்றி முன்பக்கக் கைப்பிடியைத் தானே பிடித்தார். இளையவர்கள் ஓடி வந்தார்கள். கிட்டே வந்தால் பல்லைப் பேர்த்துவிடுவேன் என்றார். ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் யார் தூக்குவது? அவர் அங்கேயே நின்றார், முகம் சிவந்து, மூச்சு வாங்க.

ஹெஃப்னர் போய்ப் பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்தார்.

"ம், நட. உன்னோட பேசி இருபது வருஷமாச்சு, இன்னைக்கும் முதுகைத்தான் காட்டறே."

இரண்டு கிழவர்களும் கல்லைச் சுமந்து இறங்கினார்கள். ஓட்டிலீ முன்னால் வழி காட்டி நடந்தாள். ஆல்டர் அடியில் குழி தயாராக இருந்தது. கஸ்பாருக்குக் கண்ணில் வியர்வை இறங்கிப் பார்வை மறைத்தது.

"எங்கே வைக்கட்டும்?" என்றார்.

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. கூட்டத்தில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். லூத்தரன்தான், கை தானாகப் போய்விட்டது. கதைப்படி, இந்தக் கேள்வியைக் கேட்டு ஓடாமல் பதில் சொல்கிறவரால்தான் அந்த ஆன்மாவை விடுவிக்க முடியும்.

ஓட்டிலீ அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள். "எடுத்த இடத்துலயே வையுங்க மாமா."

கல் குழியில் இறங்கியது. கஸ்பார் ரூப் முழங்காலிட்டு அதைச் சுற்றி மண் தள்ளினார். அழுதார். ஊரில் யாரும் அதற்கு முன்னால் அவர் அழுது பார்த்ததில்லை. "உன் வீடு, புள்ள," என்றார். "உன் வீடு போச்சே, பைத்தியக்காரி."

"எனக்கு வீடு குடுத்தீங்கல்ல. அது போதும். எங்கம்மா சார்பா நன்றி. இந்த நன்றிக்காவது நல்லாச் சோறு தின்னுங்க."

லாங்கர் கருவியை நிறுத்திப் பார்த்தான், தாளில் ஒரு கோடு போட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "கோடு வீட்டுக்குக் கீழ்ப்பக்கமா, சரிவுல போகுது. ஊற்று, புல்வெளி, வீடு எல்லாம் ரோட்டன்ஸ்டெக் பொது நிலம். நிலம் கொடுத்தது தப்பான ஊர், அதனால கொடுத்தது செல்லாது. நீரேற்று நிலையம் இங்க வரும்னா, வீடு..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. ஓட்டிலீக்கு அந்த வாக்கியத்தின் மீதி மனப்பாடம். போஹெமியாவில் அவர்கள் வீட்டு வாசலில் நின்ற ஆளும் இப்படித்தான் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினான். எல்லை நகர்ந்துவிட்டது, இந்த வீடு இனி உங்களுடையது இல்லை, தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொள்ளுங்கள், சாவியைக் கதவிலேயே விட்டுவிடுங்கள். தாய் அடுப்பை அணைத்துவிட்டு, தரையைப் பெருக்கிவிட்டு வெளியே வந்தாள். அழுக்கு வீட்டை விட்டுப் போனாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்றாள். அவளைப் போலவே தானும் பெருக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஓட்டிலீ நினைத்துக்கொண்டாள்.

"தம்பி," என்றார் ஹெஃப்னர், "இந்த நிலம் எங்க ஊருதுன்னு சொன்னியா?"

"ஆமாங்க."

"ஆதியிலேருந்தே?"

"ஆதியிலேருந்தே."

"அப்படின்னா இவ இருபது வருஷமா எங்க ஊர்க்காரி. எங்க கோயில்ல கும்பிடறா, எங்க தண்ணியைக் குடிக்கறா, எங்க மண்ணுல தூங்கறா. தனக்கே எதிரா சாட்சி சொல்லி எங்க நிலத்தை எங்களுக்கு மீட்டுக் குடுத்தா. ரோட்டன்ஸ்டெக் தன் ஊர்க்காரியைத் தன் நிலத்துலேருந்து துரத்தறதா நீ எங்கயாவது படிச்சிருக்கியா?"

"ஆனா நீரேற்று நிலையம்..."

"மேல காட்டு ஓரமா ஊத்தோட தலை இருக்கு. அங்க கட்டு. குழாய் நாலு முழம் கூடப் போகும், போகட்டும். ஊர்ச்சபைல நான் பேசிக்கறேன். எவன் எதிர்த்துக் கை தூக்கறான்னு பாக்கறேன்." தன் பின்னால் நின்ற ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தார். ஆறு பேரும் அவசரமாகத் தலையாட்டினார்கள். "கொடுத்த ஊர் தப்பான ஊர்னா, சரியான ஊர் இப்ப கொடுக்குது. எழுதிக்கோ."

ஓட்டிலீக்குக் காதில் விழுந்தது மனசில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப நான்... போக வேணாமா?"

"எங்க போவே? கதவைத் திற. உன் ஊர்த் தலைவர் முதல் தடவையா வீட்டுக்கு வர்றேன், காபி உண்டா இல்லையா?"

அவள் நடந்தாள். கால் தரையில் படுவதாகத் தெரியவில்லை. பின்னால் பதினாலு பேரும், அளவைக்காரனும், பாதி ஊரும் பேசிக்கொண்டே வந்தார்கள். இனி ஓட்டிலீ எங்களுக்குத் தபால் கொண்டுவந்தால் வெளிநாட்டுத் தபாலா என்று எர்லன்ரீட்காரன் ஒருவன் கேட்டான். வெளிநாட்டுக்கு வருகிறவர்கள் காலைத் துடைத்துவிட்டு ஏறட்டும் என்று ரோட்டன்ஸ்டெக்காரன் பதில் சொன்னான். கஸ்பார் மட்டும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார், பதக்கம் இல்லாத கோட்டோடு.

அவள் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க மாமா. இப்ப நீங்க விருந்தாளி, நான்தான் உள்ளூர்."

சமையலறையில் நிற்க இடமில்லை. கோப்பைகள் போதவில்லை, ஜாடியிலும் கிண்ணத்திலும் ஊற்ற வேண்டியிருந்தது. தொத்திறைச்சி ரொம்பத் தடிமனாக இருக்கிறது என்று கஸ்பார் குறை சொன்னார். ஓட்டிலீ அடுப்பின் முன் கெட்டிலோடு நின்று ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஆல்டர் அடியில் கல் நின்றது, சுற்றிலும் புதுமண். எல்லை இன்னொரு தடவை அவளைத் தாண்டிப் போய்விட்டது. இந்தத் தடவை யாரும் சாவியைக் கேட்கவில்லை. அவள் அடுப்பில் இன்னொரு விறகு வைத்தாள்.